பீரில் எதற்கு இத்தனை சர்க்கரை?

பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்ச 1963 வரை உரிமம் வாங்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை நீக்கிவிட்டார். சொந்த உபயோகத்துக்கு என்றால் வரியும் கிடையாது. விற்கத்தான் கூடாது. பீர் கம்பெனிகளுக்கு அப்படி இல்லை. 1993-லிருந்து பீரில் உள்ள ஆல்கஹால் அளவைப் பார்த்துத்தான் வரி. சதவீதம் ஏறினால் செலவும் ஏறும். வீட்டில் காய்ச்சுகிறவருக்கு அந்தக் கடிவாளமே இல்லை.

அதனால்தான் முதல் இரண்டு முறை நன்றாக வந்ததும் அடுத்த ஆசை வந்துவிடுகிறது. இன்னும் கொஞ்சம் 'ஸ்ட்ராங்' ஆக்கினால் என்ன?

கணக்கு சுலபம்தான். 20 லிட்டருக்கு ஒரு கிலோ சர்க்கரை கூடுதலாகப் போட்டால் ஆல்கஹால் சுமார் இரண்டரை சதவீதம் கூடும். அதே ஒரு கிலோ மால்ட் பவுடர் போட்டால் இரண்டைத் தொடுவதே கஷ்டம், விலையும் அதிகம். செலவை மட்டும் பார்த்தால் சர்க்கரைதான் ஜெயிக்கும்.

ஆனால் குடிக்கும்போது தோற்றுவிடும். சர்க்கரையை ஈஸ்ட் முழுதாகத் தின்றுவிடும், மிச்சம் எதுவும் இருக்காது. மால்ட்டில் ஈஸ்டால் தின்ன முடியாத பகுதி கொஞ்சம் தங்கும். பீருக்கு அடர்த்தி தருவது அதுதான். சர்க்கரை மட்டும் கூடினால் பீர் தண்ணீராக இருக்கும், தொண்டை எரியும். பெல்ஜியத்தின் 'டிரிப்பல்' வகையில் சர்க்கரை இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அங்கே மால்ட்டே ஏராளம், ஈஸ்டும் அதற்கென்று தேர்ந்தெடுத்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய அளவு ஈஸ்டையே போட்டால் அது திணறிப் பாதியில் நின்றுவிடலாம். முடிந்துவிட்டது என்று நினைத்து பாட்டிலில் அடைத்தால், உள்ளே மறுபடி நொதித்து பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில்லு யார் கண்ணில் படும் என்று சொல்ல முடியாது. ஹைட்ரோமீட்டர் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஒரே அளவு காட்டிய பிறகுதான் அடைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது விருந்தாளி. கடை பாட்டிலில் சதவீதம் அச்சடித்திருக்கும், வீட்டு பாட்டிலில் இருக்காது. வழக்கமான 4 சதவீதம் என்று நினைத்து நண்பர் மூன்று பைண்ட் குடிப்பார். அது 8 சதவீதமாக இருந்தால் 13.6 யூனிட் உள்ளே போயிருக்கும். பிரிட்டன் மருத்துவ அதிகாரிகள் 2016-ல் சொன்ன உச்ச அளவு, ஒரு வாரத்துக்கே 14 யூனிட்தான்! பிறகு அவர் கார் சாவியைக் கையில் எடுத்தால்?

ஆக, ஏற்றத்தான் வேண்டும் என்றால் வரியில் மிச்சமான காசை மால்ட்டிலும் நல்ல ஈஸ்டிலும் போடலாம். ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு துண்டுக் காகிதத்தில் சதவீதத்தை எழுதி ஒட்டலாம். அரசு கேட்கவில்லை என்பதற்காகக் கணக்கே வேண்டாம் என்று ஆகிவிடுமா என்ன?