புணர்ச்சியும் கேட்போர் செவியும்

தமிழ்த்துறைகளில் புணர்ச்சி குறித்து எழுதப்படும் ஆய்வேடுகள் பெரும்பாலும் இரு தடங்களில் செல்கின்றன. ஒன்று, தொல்காப்பிய, நன்னூல் விதிகளை நிரல்படுத்தி ஒப்பிடுவது. மற்றொன்று, ஒற்று மிகும் இடமும் மிகா இடமும் கண்டு பிழை திருத்துவது. பேச்சில் நிகழும் திரிபோ ‘சிதைவு’ என்னும் ஒரு சொல்லால் ஒதுக்கப்படுகிறது. இத்தடங்கள் எதிலும் இடம்பெறாதவர் கேட்பவர். திரிந்த ஒலியைக் கேட்டுத் திரியாத சொல்லை அறிபவர் அவரே. அவரை விடுத்து எழுதப்படும் புணர்ச்சி ஆய்வு பாதி ஆய்வே.

இலக்கண நூலார் நிலைமொழியையும் வருமொழியையும் முன்னரே அறிந்து அவற்றைப் புணர்த்துகின்றனர். கேட்பவருக்கோ புணர்ந்த ஒலியே முதலில் கிடைக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவிலுள்ள மலையிடமான பொன்முடியின் பெயரையே நோக்குவோம். பொன் + முடி என்பது நன்னூல் நெறிப்படி இயல்புப் புணர்ச்சி. ஆயின் விரைந்து சொல்லும் வாய், வரும் மகரத்துக்காக இதழை முன்னரே மூடிவிட, னகரம் மகரத்தை நெருங்குகிறது. கேட்பவர் ‘பொம்’ என்றொரு சொல்லைத் தேடுவதில்லை, பொன்னையே கேட்கிறார். ‘பொற்குடம்’ என்பதில் திரிபு எழுத்தில் ஏறிவிட்டது; அதனை விதி என்கிறோம். ‘பொன்முடி’யில் அஃது ஏறவில்லை, அதனைக் காணவே மறுக்கிறோம்.

இவ்வகை ஒலிமாற்றத்தை ஜெர்மன் மொழியில் கூர்ந்து ஆய்ந்துள்ளனர். அம்மொழியில் நுனிநா ஒலியாகிய னகரம், பின்வரும் இதழொலிக்கேற்ப மகரமாகத் திரியும். மகரம் அவ்வாறு எளிதில் திரியாது. அதிதி லாகிரியும் ஹென்னிங் ரீட்ஸும் 2002இல் விளக்கிய கொள்கையின்படி, மனத்திலுள்ள சொற்களஞ்சியத்தில் நுனிநா ஒலிக்குப் பிறப்பிடம் குறிக்கப்படுவதே இல்லை. எனவே தொடர்வண்டியைக் குறிக்கும் ‘பான்’ என்பதைப் ‘பாம்’ என்று ஒலித்தாலும் செவி அதனை ஏற்கும். இரைச்சலைக் குறிக்கும் ‘லேர்ம்’ என்பதை ‘லேர்ன்’ என்றால் ஏற்காது. எந்த மொழிக்கும் பொருந்தும் அமைப்பாகவே இக்கொள்கை முன்வைக்கப்படுகிறது.

இங்கேதான் தமிழ் குறுக்கே நிற்கிறது. மரம் + கள் = மரங்கள்; வரும் + காலம் = வருங்காலம்; ஓடும் + தேர் = ஓடுந்தேர். திரியக்கூடாத மகரம் தமிழில் தாராளமாகத் திரிகிறது. ‘இவை முழுச்சொல்லாகவே மனத்தில் பதிந்தவை’ என விடை கூறலாம். ‘மரங்கள்’ அவ்வாறு பதிந்ததாகக் கொள்வோம். ‘ஓடும்’ போன்ற எந்தப் பெயரெச்சமும் எந்தப் பெயருடனும் சேருமே, அத்தனை தொடர்களையும் யார் மனத்தில் பதித்துவைத்தார்? இவ்வினாவை எழுப்பியிருக்க வேண்டியவர்கள் நாம். எழுப்பவில்லை, ‘ஓடுந்தேர்’ என்பதற்கு ஒற்றெழுத்து இலக்கணம் கூறி அமைந்துவிட்டோம்.

பேச்சுத்தமிழ் இன்னும் ஒருபடி செல்கிறது. ‘மரம்’, ‘அவன்’ ஆகியவற்றின் இறுதி மெய் மறைந்து, உயிரில் மூக்கொலியாக மட்டும் எஞ்சுகிறது. ‘அவனும்’ என்றவுடன் மறைந்த னகரம் மீள்கிறது. வங்காளத்தில் உயிரின் மூக்கொலியைக் கேட்போர் எங்ஙனம் கொள்கின்றனர் என்பதை லாகிரியும் வில்லியம் மார்ஸ்லென்-வில்சனும் 1991இலேயே ஆய்ந்தனர். வங்காளத்தில் அது பொருள் வேறுபடுத்தும் ஒலி. தமிழில் அது மறைந்த மெய்யின் அடையாளம். ஒப்பிட இதனினும் தக்க களம் வேறில்லை. இதனைச் ‘சிதைவு’ என்று தள்ளுவது ஆய்வாளர்க்கு அழகன்று.

பொன்முடிக்கே மீள்வோம். மலைமேல் இறங்கும் மூடுபனியை மலையாளி ‘மஞ்ஞு’ என்பார். அதில் ‘மஞ்சு’ என்னும் பழஞ்சொல்லைத் தமிழர் அறியலாம். மஞ்சள் ‘மஞ்ஞள்’ ஆகும்; தேங்காய் ‘தேங்ங’ ஆகும். இம்மாற்றத்தைக் கேரள பாணினி ஏ.ஆர். இராஜராஜவர்மா ‘அனுநாசிகாதிபிரசரம்’ என்று பெயரிட்டு விளக்கினார். ஆயினும் இஞ்சி மலையாளத்திலும் இஞ்சியே. தமிழ்ச்செவி விதியை மட்டும் நம்பினால் ‘இஞ்ஞி’யை எதிர்பார்த்து ஏமாறும். இரு மொழியும் வழங்கும் இம்மலைப்புறத்தில் செவி எதனைக் கொண்டு சொல்லை அறிகிறது? விதியையா, பழகிய சொல்லையா, சூழலையா?

‘அனைத்தையும் தொல்காப்பியரே கூறிவிட்டார்’ என்பாரும் உளர். எழுத்ததிகாரத்தின் ஒன்பது இயல்களுள் ஆறு புணர்ச்சிக்கு உரியன; ஆயினும் அவை பெரிதும் புணர்ப்பவர் பக்கம் நின்றே பேசுகின்றன. புணரியலின் இறுதியில் மட்டும், எழுத்து ஒன்றாயிருந்து பொருள் வேறாகும் தொடர்களை இசையாலும் குறிப்பாலும் உணரவேண்டும் என்கிறார். உரையாசிரியர் காட்டும் ‘செம்பொன்பதின்றொடி’ அத்தகையது: செம்பு ஒன்பதின் தொடியா, செம்பொன் பதின் தொடியா? கேட்பவரை நினைந்து எழுதப்பட்ட அப்பகுதியை நாம் வகுப்பறை விடுகதையாக்கிவிட்டோம். அவர் ‘இசை’ என்றது நிறுத்தமா, எடுத்தலா, நீட்டலா என்று அளந்து பார்த்தவர் எத்தனை பேர்?

அளப்பது அரிதன்று. ‘வருங்காலம்’, ‘வரும் மாதம்’ ஆகியவற்றைப் பலர் வாய்மொழியாகப் பதிவு செய்து, முதலிரண்டு அசையை மட்டும் வெட்டி ஒலிக்கச் செய்து, அடுத்து வரும் சொல்லின் முதலெழுத்து யாது எனக் கேட்போரை வினவலாம். ககரம் என்று பலரும் சரியாகக் கூறுவாராயின், திரிபு சொல்லை மறைக்கவில்லை. வரும் சொல்லை முன்னறிவித்திருக்கிறது.