மாட்டின் கண் புற்றும் மாதிரிப் புட்டியும்

பெங்களூரின் தென்கிழக்கே, சந்தாபுராவைச் சூழ்ந்த ஆனேக்கல் வட்டத்துச் சிற்றூர்களில் கறவை மாடே பல குடும்பங்களின் பிழைப்பு. நம் ஹள்ளிக்கர் மாட்டிற்குக் கருநிற இமை விளிம்பு இயல்பு. ஹோல்ஸ்டீன் கலப்பினங்கள் சிலவற்றிலோ இமை வெளிறியிருக்கக் காண்கிறோம். நிறமற்ற இமையும் கடும் வெயிலும் கூடுமிடத்தில் கண் புற்றுக்கு ஏது மிகுதி. வெண்முக ஹெர்போர்டு மாடுகளில் இந்நோயை அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் நெடுங்காலமாக அறிந்துள்ளன.

மூன்றாம் இமையிலோ, கீழிமையிலோ, கருவிழியின் ஓரத்திலோ இது சிறு வெண்தடிப்பாகவோ மருவாகவோ தொடங்குகிறது. அப்போதே அறுத்தெடுத்தால் பெரும்பாலும் கண் பிழைக்கும். காலங்கடந்து, காதடி நிணநீர்க் கணுவிற்குப் பரவிவிட்டால் மாடே பிழைப்பது அரிது.

எந்த மரு புற்றாயிற்று என்பதை வெறுங்கண்ணால் துணிந்து கூறலாகாது. வழக்கமான சாயமேற்றிய திசு வெட்டை நுண்ணோக்கியில் காண்பதே முதற்படி. அதற்கு மேலும் ஐயம் எழுமிடத்தில் அடையாளப் பொருள்கள் துணை செய்கின்றன. சைட்டோகெராட்டின், உயிரணு மேல்தோல் வழியில் வந்ததெனக் காட்டும். 1983இல் விவரிக்கப்பட்ட கி-67, உயிரணுக்கள் பெருகும் நிலையை உணர்த்தும். 1979இல் கண்டறியப்பட்ட பி53 என்ற புரதம் மிகுந்து தென்படின், பெருக்கத்தை அடக்கும் ஏற்பாடு பழுதுற்றிருக்கலாம் என்று கொள்ளலாம். இவற்றைக் காட்டும் எதிர்ப்பொருள்களுட் பல மனிதப் புரதங்களுக்கென ஆக்கப்பட்டவை. மாட்டுத் திசுவில் அவை செம்மையாக ஒட்டுகின்றனவா என்று ஒப்புமாதிரி வைத்துச் சோதித்த பின்னரே முடிவு கூறல் வேண்டும்.

எனினும், இத்துணை நுட்பமும் களத்தில் நிரப்பப்படும் ஒரு புட்டியைப் பொறுத்தது என்பதே என் கருத்து. அழுகிய திசு எந்த எதிர்ப்பொருளுக்கும் உண்மை உரைக்காது. ஃபார்மலினில் வாரக்கணக்கில் ஊறியதும் தன் அடையாளத்தை மறைத்துக்கொள்ளும். ஆதலின் அரை சென்டிமீட்டர் தடிப்பிற்கு மேற்படாத துண்டை, அதன் பருமனைப்போல் 10 மடங்கு அளவுள்ள 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில் உடனே இடுக. 24 முதல் 48 மணி நேரத்திற்குள் அது ஆய்வகத்தில் பக்குவப்படுத்தப்படுதல் நன்று. மாட்டின் இனம், வயது, இமையின் நிறம், கட்டி இருந்த இடம் ஆகியவற்றையும் சீட்டில் எழுதுக.

“கட்டியை அகற்றியாயிற்று, இனி ஆய்வு எதற்கு?” என்று சிலர் கேட்கின்றனர். வெட்டிய விளிம்பில் புற்று எஞ்சியுள்ளதா என்பதை ஆய்வே சொல்லும். 1958இல் தொடங்கிய ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரி அதே மாநகரின் வடபால் உள்ளது; சந்தாபுராவிலிருந்து மாதிரி அன்றே அங்குச் சேரக்கூடும். ஆசிரியர்கள் மாணவர்க்கு அடையாளப் பொருள்களின் பெயர்களைப் புகட்டுமுன், மாதிரி எடுக்கும் முறையைக் கைப்பழக்கமாக்குவார்களாக.