முன்னறிவும் படிப்பும்

1988-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் இருவர் வெளியிட்ட ஆய்வொன்று ஆசிரியர் அனைவரும் கருதத்தக்கது. பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய உரைப்பகுதி ஒன்றை மாணவர் 64 பேர் படித்தனர். வாசிப்பில் பின்தங்கியவராயினும் ஆட்டத்தை நன்கறிந்தோர், அதனை அறியாத தேர்ந்த வாசகரைவிடத் தெளிவாக அப்பகுதியை விளக்கிக் காட்டினர். ஆதலின், மாணவர் அறிந்ததைக் கேளாமலே பாடத்தைத் தொடங்குதல் முறையன்று. உப்பளத்தருகே வளர்ந்த சிறுவன் ஆவியாதலைப் பற்றிய பாடத்திற்கு வெறுங்கையோடு வருபவன் அல்லன். பாத்தியில் கடல்நீர் வற்றி உப்புப் பூப்பதை நாள்தோறும் கண்டவன். அறிந்தது பிழையாயிருப்பினும் கேட்டலே நன்று. திமிங்கிலத்தை மீனென்றே நம்பும் சிறுவர் பலர். அந்நம்பிக்கையை வாய்விட்டுச் சொன்னவன், அது நுரையீரலால் மூச்சுவிடுகிறது என நூலில் காணுங்கால் திகைத்து நின்று மீண்டும் படிப்பான். சொல்லாதவனோ அவ்வரியை எளிதிற் கடந்து போய்விடுவான்.