பாட்டி போட்ட காசு

“அப்பா, இந்தக் கதையில கடலுக்குன்னு தனிச் சாமி இருக்கு. நமக்கு ஏன் இல்ல?” கற்பனைக் கடலுலகக் கதை படித்துக்கொண்டிருந்த மகள் கேட்டாள்.

இருக்கிறதே! தொல்காப்பியம் நெய்தல் நிலத்துக்கு வருணனைத் தெய்வமாகச் சொல்கிறது. பட்டினப்பாலையில் பரதவர் சுறாக்கொம்பை நட்டு வழிபடுகிறார்கள். அதே நூலில் வரும் காழகம் நம் கடாரமே என்பார்கள். 1834-இல் செபராங் பிறையில் கிடைத்த கல்வெட்டில், புத்தகுப்தன் என்ற மாலுமி தன் பயணம் நலமாக முடிய வேண்டியிருக்கிறான். அதற்கு ஏறத்தாழ 1,500 வயது.

பிறகு கடல்சாமி எங்கே போனார்? கப்பலேறி வந்த நம்மவர்கள் கரையில் நிற்கவில்லை. ரப்பர் தோட்டங்களுக்குள் போனார்கள். அம்மைக்கும் காய்ச்சலுக்கும் மாரியம்மன், காட்டுக் காவலுக்கு முனியாண்டி. கடலுக்குக் கோயில் எழும்பவில்லை.

ஆனால் என் பாட்டி, பினாங்கு ஃபெர்ரியில் ஏறும்போதெல்லாம் ஒரு காசைத் தண்ணீரில் போட்டுக் கும்பிடுவார். பத்து காசுக்கு ஐஸ் வாங்கலாமே என்று எனக்கு ஆத்திரம் வரும். “நம்மளக் கரை சேர்த்த தண்ணிடா” என்பார். புத்தகுப்தன் கல்லில் வைத்த வேண்டுதலுக்குப் பாட்டி நன்றி சொல்லிக்கொண்டிருந்தார் போலும்.

மகள் புத்தகத்தை மூடினாள்.

“அடுத்த வாரம் ஃபெர்ரியில போவோமாப்பா? காசு நான் போடுறேன்.”