கையடக்கத் தொலைபேசியில் ஒளிந்திருக்கும் தீநிரல்: சங்கத்தின் நிலைப்பாடு

உரிமையாளர் அறியாமல் தொலைபேசியில் தங்கி, குறுஞ்செய்திகளையும் கடவுச்சொற்களையும் பிறருக்கு அனுப்புவது போன்ற தீங்குகளைச் செய்யும் மென்பொருளே தீநிரல். அதைக் கண்டறியும் பொறுப்பைத் தனிமனிதரின் விழிப்புணர்வின் மீது மட்டும் சுமத்த முடியாது என்பதும், தமிழில் எச்சரிக்கையும் மாவட்ட மட்டத்தில் பரிசோதனை வசதியும் வழங்குவது அரசின் கடமை என்பதும் மாத்தளை மாவட்டத்தில் இயங்கும் இச்சங்கத்தின் நிலைப்பாடாகும்.

தீநிரல் என்றதும் இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனம் உருவாக்கிய பெகாசஸ் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. எந்த இணைப்பையும் தொடாமலேயே தொலைபேசிக்குள் நுழையக்கூடிய அந்த உளவு மென்பொருள் குறித்து ஆராய இந்திய உச்ச நீதிமன்றம் 2021 ஒக்டோபரில் அமைத்த குழு, பரிசோதித்த 29 தொலைபேசிகளில் ஐந்தில் ஏதோவொரு தீநிரலைக் கண்டபோதும், அது பெகாசஸ்தான் என்று உறுதிசெய்ய இயலவில்லை என 2022 ஓகஸ்டில் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. ஆயினும் அத்தகைய விலையுயர்ந்த கருவிகள் ஊடகவியலாளர்களையும் செயற்பாட்டாளர்களையும் அரசியல்வாதிகளையுமே பெரும்பாலும் குறிவைப்பதால், உக்குவளையிலோ இரத்தோட்டையிலோ வாழும் தொழிலாளியை நெருங்கும் ஆபத்து வேறு வகையானது.

வங்கியின் பெயரிலோ அரச கொடுப்பனவின் பெயரிலோ வட்ஸ்அப்பில் வரும் ஏபிகே என்ற நிறுவல் கோப்பைத் திறந்து செயலியை நிறுவினால், அது பெரும்பாலும் முதலில் கேட்பது ‘அணுகல்தன்மை’ அனுமதியை. பார்வைக் குறைபாடு உள்ளிட்ட இயலாமை உடையோருக்காக அமைந்த இவ்வசதி திரையில் உள்ளதை வாசிக்கவும் பயனருக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தவும் வல்லது என்பதால், அதைப் பெற்ற தீநிரல் வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் கைப்பற்றிவிடுகிறது.

மின்கலம் விரைவில் தீர்வதும் தொலைபேசி சூடாவதும் சந்தேகத்துக்கு இடமளிக்குமேயன்றிச் சான்றாகா. அன்ட்ரொய்ட் தொலைபேசியின் செட்டிங்ஸ் பகுதியில் அணுகல்தன்மை, சாதன நிர்வாகி, குறுஞ்செய்தி ஆகிய அனுமதிகளைப் பெற்றுள்ள செயலிகளின் பட்டியலைப் பார்ப்பதும், முகப்பில் படம் இல்லாமல் முழுப் பட்டியலில் மட்டும் தென்படும் செயலிகளைத் தேடுவதும், கூகுளின் ப்ளே புரொடெக்ட் சோதனையை இயக்குவதும் நம்பகமான வழிகளாகும். பணம் பறிபோயிருந்தால், இணையத்தைத் துண்டித்து, வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கிக்கு அறிவித்து, திரையைப் படமெடுத்து முறையிட்ட பின்னரே தொலைபேசியை முழுமையாக அழித்து மீளமைக்க வேண்டும். முன்னரே அழித்தால் சான்றும் அழிந்துவிடும்.

அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவதை இலங்கையின் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் தண்டனைக்குரியதாக்கியுள்ளது. ஆனால், முறையிடத் தொலைவுக்குச் சென்றுவர ஒரு நாட்கூலியை இழக்க வேண்டியவருக்குச் சட்டம் இருந்தும் பயனில்லை. ஆதலால், தமிழ் அறிந்த அலுவலருடன் முறைப்பாட்டையும் தொலைபேசிப் பரிசோதனையையும் ஏற்கும் பிரிவொன்றை மாவட்டச் செயலகத்தில் அமைக்குமாறும், வங்கிகளும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் எச்சரிக்கைகளைப் பிற மொழிகளில் வெளியிடும் அதே வேளையில் தமிழிலும் வெளியிடுமாறும் சங்கம் கோருகிறது. பொதுமக்கள், வட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு எதனையும், அனுப்பியவர் உறவினராயினும், திறக்க வேண்டாம் எனவும் கேட்டுக்கொள்கிறது.