அரக்குப் பிரஷும் அடுப்படியும்



யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "பழைய கதவொன்றுக்கு அரக்குப் பெயின்ட் அடித்தோம். பிரஷை டர்பன்டைனில் ஊறப் போட்டும் மறுநாள் விறகுக் கட்டை மாதிரி இறுகிவிட்டது. ஸ்பிரிட்டில் போட்டால் இளகும் என்கிறார் தச்சர். சாராயச் சத்து வீட்டுக்குள் வரக் கூடாது என்கிறார் வாப்பா. நான் என்ன செய்யட்டும்?"

மார்க்கப் பக்கத்தில் பிரஷுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட நம் குடும்பங்கள், 2002இல் சிலவும் 2009க்குப் பின் இன்னும் சிலவுமாகத் திரும்பி வந்தபோது கண்டது என்ன? கூரை இல்லை, கதவு இல்லை, யன்னல் இல்லை. அப்படி வந்த வீட்டில், பழைய மரத்தை வாங்கிச் சுரண்டி, பூசி, மெருகேற்றும் வேலையில் பாதி பெண்களின் கையில்தான் விழுகிறது. கறையும் புகையும் ஏறிய மரத்தில் சாதாரண பெயின்ட் அடித்தால் இரண்டே மாதத்தில் கறை மேலே வந்து எட்டிப் பார்க்கும். அரக்குப் பெயின்ட் அதை அடக்கிவிடும். ஆகவே கேள்வி சின்னதல்ல.

முதலில் அரக்கு என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். பலாசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் ஒட்டி வாழும் ஒரு சின்னஞ் சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. இந்தியாவின் ஜார்க்கண்ட் பகுதியில் அதிகம் எடுக்கிறார்கள். தபால் பொதிகளில் முத்திரை வைத்ததும், பழைய கிராமபோன் தட்டுகளைச் செய்ததும், ஹைதராபாத் லாட் பஜாரில் நம் சகோதரிகள் விரும்பி வாங்கும் வளையல்களைச் செய்வதும் இதைக் கொண்டுதான். (சில மிட்டாய்களின் மினுமினுப்பும் இதுவே, அது வேறு பேச்சு, இன்னொரு மாதம் பார்ப்போம்.) இந்தப் பிசின் தண்ணீரில் கரையாது, டர்பன்டைனிலும் கரையாது. ஸ்பிரிட்டில் கரையும். ஆகவே தச்சர் சொன்னது சரி. அந்தச் சகோதரி டர்பன்டைனில் ஒரு வாரம் ஊற வைத்திருந்தாலும் பயன் கிடைத்திருக்காது.

இனி வாப்பாவின் பேச்சு. போதை தரும் திரவத்தைக் குடிப்பது ஹராம் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் அது நஜிஸ் என்பதும் பிரபலமான சட்டம். ஆனால், குடிக்கக் கூடாதென்றே நஞ்சு கலந்து விற்கும் தொழில் ஸ்பிரிட்டை அந்த மதுவோடு சேர்க்கலாமா என்பதில் இக்கால உலமாக்கள் ஒரே கருத்தில் இல்லை. மருந்துக்கும் தொழிலுக்கும் புறத்தே பயன்படுத்துவதை அனுமதிப்போர் பலர். நான் என் மாணவர்களுக்குச் சொல்வது இதுதான்: தேவைக்குப் பயன்படுத்துங்கள், கையிலோ உடையிலோ பட்டால் கழுவிவிட்டுத் தொழுங்கள். அப்போது எந்தக் கருத்தின்படியும் உங்கள் தொழுகைக்குக் குறையில்லை.

கழுவும் முறைக்கு வருவோம். வேலை முடிந்த கையோடு செய்ய வேண்டும். அரக்கு சில நிமிடங்களிலேயே காயத் தொடங்கும், சோளகக் காற்று வீசும் நாளில் சொல்லவே வேண்டாம். முதலில் தண்ணீரில் தோய்க்காதீர்கள். அரக்கு வெள்ளையாகத் திரண்டு மயிருக்குள் சிக்கிக்கொள்ளும். பழைய பத்திரிகைத் தாளில் பிரஷை வைத்து, தகரப் பட்டியிலிருந்து நுனிவரை அழுத்தி வழித்தெடுங்கள். பிறகு ஒரு ஜாம் போத்தலில் இரண்டு விரற்கடை ஸ்பிரிட் ஊற்றி நன்றாக அலசுங்கள். அந்த ஸ்பிரிட்டை வீசிவிடாமல் இன்னொரு போத்தலில் மூடி வையுங்கள். வண்டல் அடியில் படிந்ததும் மேலே தெளிந்தது அடுத்த முறை முதல் அலசலுக்கு உதவும். ஸ்பிரிட் விலை உங்களுக்குத் தெரிந்ததுதானே! இரண்டாம் முறை புது ஸ்பிரிட்டில் அலசிவிட்டு, சவர்க்காரம் போட்ட இளஞ் சூட்டுத் தண்ணீரில் கழுவி, பழைய சீப்பால் வாரி, தாளில் சுற்றித் தொங்கவிடுங்கள். வெள்ளை நிறம் சேர்ந்த அரக்குப் பெயின்ட் என்றால் தகரப் பட்டியின் ஓரத்தில் நிறத்தூள் தங்கும். அங்கே சீப்பு கட்டாயம் வேண்டும்.

ஸ்பிரிட்டே வேண்டாம் என்று மனம் ஒப்பாதவர்களுக்கும் வழி உண்டு. அரக்கு காரத்தில் இளகும். மூன்று பங்கு இளஞ் சூட்டுத் தண்ணீருக்கு ஒரு பங்கு வீட்டு அமோனியா கலந்து அலசலாம். சலவைச் சோடா கரைத்த தண்ணீரும் உதவும், ஆனால் அதில் நெடுநேரம் ஊறினால் மயிர் பழுதாகும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். கிணற்றுக்குப் போட வாங்கிய குளோரீன் தூள் நம் வீடுகளில் இருக்கிறது. அதையும் அமோனியாவையும் ஒரே வாளியில் ஒருபோதும் சேர்க்காதீர்கள். எழும் புகை நெஞ்சை அடைக்கும்.

விறகுக் கட்டையான பிரஷ் என்னாவது? வீசாதீர்கள். எண்ணெய்ப் பெயின்ட் காய்ந்தால் காய்ந்ததுதான். அரக்கு அப்படியல்ல, எத்தனை நாள் கழித்தும் ஸ்பிரிட்டில் மறுபடி கரையும். பிடியின் துவாரத்தில் கம்பியைக் கோத்து, மயிர் போத்தலின் அடியில் முட்டாதபடி ஸ்பிரிட்டில் தொங்கவிட்டு, வாயை பொலித்தீனால் கட்டி ஓர் இரவு விடுங்கள். நாளைக்கும் அதே பெயின்ட் அடிப்பதாக இருந்தாலும் இதே ஏற்பாடு போதும், கழுவவே தேவையில்லை.

பிரஷ் என்றதும் இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். பிடியில் 'பிரிஸல்' என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் பன்றி மயிர். மலேசியாவில் 2017இல் அடையாளமிடாமல் விற்ற இத்தகைய பிரஷ்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை அதிகாரிகள் கைப்பற்றினார்கள். ஷாபிஈ மத்ஹபில் அந்த மயிர் நஜிஸ். ஈரத்தோடு பட்டால் மண் கலந்த தண்ணீரால் ஒரு முறை உட்பட ஏழு முறை கழுவ வேண்டும் என்பது பிரபலமான சட்டம். ஆதாரத்தின்படி ஒரு முறை போதும் என்பது இமாம் நவவியின் தேர்வு. ஹனபி அறிஞர்களில் சிலர் அந்தக் காலத்துத் தோல் தைப்பவர்களுக்கு அதை அனுமதித்ததும் தேவை கருதியே. நமக்கு அந்தத் தேவை இல்லை. நைலோனும் ஆட்டு மயிரும் கடையில் கிடைக்கின்றன. வீட்டில் இருப்பது எதுவென்று அறிய, பழைய, நன்கு காய்ந்த பிரஷிலிருந்து ஓரிரு மயிரைப் பிடுங்கித் தீயில் காட்டுங்கள். நைலோன் உருகிக் குமிழாகும், மயிர் பொசுங்கி நாறும்.

கைகளைப் பற்றி. நகத்திலும் விரல் மடிப்பிலும் காய்ந்த அரக்கு மெல்லிய தோலாக நிற்கும், கண்ணுக்கே தெரியாது. அதற்குக் கீழே தண்ணீர் போகாது. ஆகவே உளூ நிறைவேறாது. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே உளூச் செய்யுங்கள். அஸருக்கு அவசரமாக ஓடுகிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

வாப்பாவின் பயம் நியாயமானது, ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு. ஸ்பிரிட் பதின்மூன்று பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே தீப்பற்றக் கூடிய ஆவியை விடுகிறது. யாழ்ப்பாணத்தில் அதற்குக் கீழே குளிரும் நாள் ஏது? அடுப்படியில் ஒரு பக்கம் சோறு கொதிக்க, மறுபக்கம் பிரஷ் கழுவுவது வேண்டவே வேண்டாம். அதன் சுவாலை பகல் வெளிச்சத்தில் தெரியவும் தெரியாது. முற்றத்தில், காற்றோட்டமான நிழலில் செய்யுங்கள். துடைத்த துணியையும் வெளியில் விரித்துக் காயவிடுங்கள்.

அதைவிடப் பெரியது போத்தல். மிச்ச ஸ்பிரிட்டைச் சோடாப் போத்தலிலும் தண்ணீர்ப் போத்தலிலும் ஊற்றி அலுமாரியில் வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதில் கலந்திருக்கும் மெதனோல் சிறிதளவு உள்ளே போனாலும் கண்பார்வையைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும். தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்கு எந்தப் போத்தல் என்று தெரியுமா? வாங்கி வந்த அதே போத்தலில், பெயரோடு, பூட்டி வையுங்கள். தப்பித் தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசியாக, கழுவிய அழுக்கு. நம் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கும் மழைநீரைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். மேலே ஊற்றுவது கீழே போய்ச் சேரும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் தீர்ப்பானது உங்களுக்கு நினைவிருக்கும். கிணற்றடியிலோ கக்கூஸ் குழியிலோ ஊற்ற வேண்டாம். அடியில் தங்கிய வண்டலைப் பழைய தாளில் ஊற்றி, பிள்ளைகளுக்கும் அடுப்புக்கும் எட்டாத முற்றத்து மூலையில் காய விடுங்கள். ஸ்பிரிட் ஆவியாகிவிடும், அரக்கு தாளோடு இறுகிவிடும். தாளைச் சுருட்டிக் குப்பையோடு போடுங்கள்.