முதற்குரல் கேளார்க்கு எதிரொலி ஏது?

சேலத்திலோ நாமக்கல்லிலோ ஒரு மழலையர் பள்ளி வாயிலில் நின்று கேளுங்கள். மழையை விரட்டும் ஆங்கிலப் பாட்டைப் பிள்ளைகள் கைகொட்டிப் பாடுவர். ஈரமும் குளிருமாய்க் கிடக்கும் ஆங்கில நாட்டுக்கு அது பொருந்தும். கிணற்றையும் ஏரியையும் நம்பி வாழும் இராசிபுரத்துக்கு? வானம் பொய்த்தால் வீடுதோறும் மழைச்சோறு இரந்துண்டு மழையை அழைத்த மக்களின் பெயரர் அல்லரோ இவர்கள்! அவர்க்கு மழையைத் துரத்தக் கற்பிக்கப் பெற்றோர் கடன்பட்டுக் கட்டணம் கட்டுகின்றனர்.

"பாட்டுத்தானே, பொருளையா பார்ப்பது?" என்பார் உளர். ஔவையின் ஆத்திசூடியை எண்ணிப் பாருங்கள். (அதியமானோடு தகடூரில் வாழ்ந்த கழகக்கால ஔவை வேறு, இவ்வௌவை வேறு. 1953-இல் வந்த திரைப்படம் இருவரையும் கலந்து காட்டிய குழப்பம் இன்னும் தீர்ந்தபாடில்லை.) நெடுங்கணக்கு வரிசையில் எழுத்தோடு அறமும் ஏறும் நூல் அது. சினம் தணிய வேண்டியது என்றாள் ஔவை. அவள் வடிவத்தையே எடுத்துப் புதிய ஆத்திசூடி செய்த பாரதியார், சினக்கப் பழகச் சொன்னார். அதனை வடசொல்லாற் சொன்னது நம் மனக்குறை. பாவேந்தரும் பின்னர்த் தம் ஆத்திசூடியோடு அவ்வழக்கில் புகுந்தார். பாட்டியோடு பெயரர் நிகழ்த்திய வழக்கன்றோ இது!

பாரதியாரின் அந்த 'ரௌத்திரம்' 2011-இல் திரைப்படத் தலைப்பாயிற்று. இளைஞர் மேற்சட்டைகளில் அச்சேறி உலவுகிறது. அஃது எவர் சொல்லுக்கு மறுமொழி என்று அணிந்தவனைக் கேட்டால் விழிக்கிறான். ஔவையைக் கேளாத செவிக்கு அது வெற்று முழக்கமே.

இந்நிலம் இத்துறையில் வறண்டதன்று. பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். அவரிடம் பயின்ற, சேலம் மாவட்டச் சமுத்திரத்தில் பிறந்த பெருஞ்சித்திரனார், பிள்ளைகட்கென்றே 'தமிழ்ச்சிட்டு' இதழ் நடத்தினார். 'பள்ளிப் பறவைகள்' பாடினார். அதே மண்ணில் பின்னர் எழுந்தவை மதிப்பெண் விளைக்கும் விடுதிப் பள்ளிகள். கோழிப்பண்ணை நாடாதலின் மக்களே அவற்றுக்குப் 'பிராய்லர் பள்ளி' என்று பெயரிட்டனர். பொருத்தமான பெயர்!

சட்டம் காக்கும் என்று அமைதியுறாதீர். 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் தமிழைக் கட்டாயமாக்கியது முதல் வகுப்பிலிருந்துதான். செவி திறக்கும் மழலையர் வகுப்புகள் அதற்கு முன்பே கழிந்துவிடுகின்றன. அங்கே காவல் நீங்களே. அடுத்த தவணைக் கட்டணம் கட்டுமுன், என் பிள்ளைக்கு ஆத்திசூடியில் எத்தனை அடி சொல்லித் தந்தீர்கள் என்று கேளுங்கள். விடை வந்தபின் பணப்பையைத் திறவுங்கள்.